‘எங்க கிளப், எங்க இஷ்டம்’: செல்லுமா?

ரோட்டராக்ட்னாலே நமக்கு ரத்ததான முகாம்தான் ஞாபகம் வரும். அதுல ஓடியாடி வேலை பாக்குறதுல பொண்ணுங்களும் உண்டு. ஆனால், தாய் அமைப்பான ரோட்டரியில் ஒரு காலத்தில் பெண்களுக்கு இடமே இல்லை. அதை மாற்றியது ஒரு வழக்கு.

1977-ல் கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே ரோட்டரி கிளப் மூன்று பெண்களைச் சேர்த்தது. தலைமை சும்மா இருக்குமா? அடுத்த ஆண்டே கிளப்பின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

தலைமையின் வாதம்: “நாங்கள் தனியார் கிளப். யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் உரிமை.”

1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லை. கிளப் எப்படி நடக்கிறது என்று பார்த்தது:

1. எத்தனை பேர்? சில கிளப்களில் 20-க்கும் குறைவு. சிலவற்றில் 900-க்கும் மேல்.
2. வடிகட்டிச் சேர்க்கிறார்களா? ஆண்டுதோறும் சுமார் 10 சதவீதம் பேர் விலக, புதியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.
3. எதற்காகக் கூடுகிறார்கள்? பொதுச்சேவை, தொழில் தொடர்பு.
4. வெளியாட்கள் வரலாமா? விருந்தினர்கள் வந்துபோனார்கள்.

குடும்பம் மாதிரி நெருக்கமான உறவு இது இல்லை. பெண்கள் வந்தால் சேவையும் கெடாது என்று 7-0 எனத் தீர்ப்பானது. அதே ஆண்டு டுவார்ட்டே கிளப்பின் தலைவரானார் சில்வியா விட்லாக். 1989-ல் உலகம் முழுக்க விதி மாறியது.

அதுக்காக எல்லாக் கிளப்பும் கதவைத் திறக்கணும்னு அர்த்தமில்லை. நாலு பேர் மட்டும் கூடுற குழுவுக்கு விடை வேறயா இருக்கலாம். அதனால, ‘எங்க இஷ்டம்’னு யாராவது சொன்னா, முதல்ல இந்த நாலு கேள்வியையும் கேளுங்க.