தண்ணீரில் அனைவரும் பங்குதாரர்கள்

 

தொழுகை, நோன்பு, ஜகாத் பற்றி நாம் அடிக்கடி பாடம் கேட்கிறோம். தண்ணீரைப் பற்றித் தனியாகப் பாடம் கேட்பது அரிது. ஆனால் தொழுகைக்கு முன் உளூ இருக்கிறது. உளூவுக்கு முன் தண்ணீர் இருக்கிறது. ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் 'தஹாரத்' எனும் சுத்தத்தின் பாடத்தில்தான் தொடங்குகின்றன. எந்தத் தண்ணீர் சுத்தமானது, எது சுத்தப்படுத்தும் என்பதை அறிந்த பிறகே தொழுகையின் பாடத்துக்குப் போகிறோம். இந்த மாதப் பாடத்தில், தண்ணீரையும் சுகாதாரத்தையும் காக்க நாம் பிறரோடு ஏன் கைகோக்க வேண்டும், வேளச்சேரியில் அதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

மார்க்கம் தரும் அடிப்படை

உயிருள்ள ஒவ்வொன்றும் தண்ணீரிலிருந்தே படைக்கப்பட்டதாகத் திருக்குர்ஆன் (21:30) சொல்கிறது. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டுப் பங்குதாரர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். தன் பாத்திரத்திலும் தொட்டியிலும் ஒருவர் சேமித்த நீர் அவருக்குரியது என்று சட்ட அறிஞர்கள் விளக்குகிறார்கள். ஆனால் ஆறு, ஊற்று, ஏரி போன்றவை எல்லாருக்கும் பொது.

மதீனாவில் முஸ்லிம்கள் குடிநீருக்குச் சிரமப்பட்டபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றைத் தம் செல்வத்தால் வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கினார்கள். ஸஃத் பின் உபாதா (ரலி) அவர்கள் மறைந்த தம் தாயாருக்காக எந்த தர்மம் சிறந்தது என்று கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தண்ணீரைச் சொன்னார்கள். அவர் ஒரு கிணறு தோண்டினார். ஹாரூன் ரஷீதின் மனைவி ஜுபைதா அம்மையார் மக்காவின் ஹாஜிகளுக்காக அமைத்த நீர்வழி, 'ஐன் ஜுபைதா' என்ற பெயரில் நூற்றாண்டுகள் பயன் தந்தது.

சுகாதாரத்துக்கும் இதே முக்கியத்துவம் உண்டு. மக்கள் நீர் எடுக்கும் இடம், நடக்கும் பாதை, ஒதுங்கும் நிழல் ஆகிய மூன்றிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித்தரும் செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும் தடுத்தார்கள். பொது நீரைக் கெடுப்பது பிற மனிதரின் உரிமையைக் கெடுப்பதாகும். ஐ.நா. பொதுச்சபை குடிநீரையும் சுகாதாரத்தையும் மனித உரிமையாக ஏற்றுக்கொண்டது 2010 ஜூலையில்தான். 2015இல் அது வகுத்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 6ஆவது, எல்லாருக்கும் நீரும் சுகாதாரமும். 17ஆவது, அந்த இலக்குகளை எட்டுவதற்கான கூட்டுறவு.

நம் ஊரின் நீர்வழி

வேளச்சேரி, சென்னையின் தாழ்வான பகுதிகளுள் ஒன்று. ஆதம்பாக்கம் ஏரியின் உபரிநீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை நோக்கி வருகிறது. வேளச்சேரி ஏரியின் மிகைநீருக்கும் அதுவே இடம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அடைபட்டாலும் தண்ணீர் நம் தெருவில் நிற்கும்.

அடைபட்டும் இருக்கிறது. ஒரு காலத்தில் 265 ஏக்கர் பரப்பில் இருந்த வேளச்சேரி ஏரி, இன்று சுமார் 55 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. குடியிருப்புகளும் சாலைகளும் ஏரியின் மேல் வந்தன. ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்த பள்ளிக்கரணையின் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் குப்பைமேட்டுக்கும் போய்விட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் பகுதியில் தரைத்தளங்கள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். வெள்ளநீரோடு சாக்கடை நீரும் கலந்து வீட்டுக்குள் வந்தால், தொட்டியும் ஆழ்துளைக் கிணறும் சேர்ந்து கெடுகின்றன.

இதே நகரம்தான் 2019 கோடையில் வறண்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றின. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ரயிலில் வந்தது. வெள்ளமும் வறட்சியும் இரண்டு வெவ்வேறு நோய்கள் அல்ல. மழைநீரைத் தேக்கும் ஏரியையும் உறிஞ்சும் மண்ணையும் இழந்ததால் பெருமழையில் மூழ்குகிறோம். அதே காரணத்தால் கோடையில் லாரிக்குக் காத்திருக்கிறோம்.

கப்பலின் கீழ்த்தட்டு

நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்க, புகாரியில் வரும் ஓர் உவமையை நாம் அறிவோம். கப்பலில் சிலருக்கு மேல்தட்டும் சிலருக்குக் கீழ்த்தட்டும் கிடைக்கின்றன. கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே ஏறிப் போக வேண்டும். மேலே உள்ளவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று, தங்கள் பகுதியிலேயே ஓர் ஓட்டை போட நினைக்கிறார்கள். மற்றவர்கள் அவர்களை விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் தப்புவார்கள்.

இந்த உவமை தீமையைத் தடுப்பது பற்றியது. அதில் வரும் தேவை தண்ணீர்தான் என்பதைக் கவனியுங்கள். ஓட்டை போட நினைத்தவர்களின் எண்ணம் கெட்டதல்ல, வழிதான் தவறு. 'என் மனை, என் போர்' என்று ஆளுக்கு ஆள் ஆழப்படுத்திக்கொண்டே போகும்போது பக்கத்து வீட்டுக் கிணறு வற்றுகிறது. மழைநீர் வடிகாலில் கழிவுநீர்க் குழாயை இணைப்பவர் தன் வீட்டுச் சிரமத்தைத் தீர்த்துக்கொள்கிறார். அந்தக் கழிவு கீழேயுள்ள தெருவுக்கும் சதுப்புநிலத்துக்கும் போகிறது. தடுப்பது மேல்தட்டுக்காரர்களின் கடமை என்றால், கீழ்த்தட்டுக்காரர்களுக்கு எளிதாகத் தண்ணீர் கிடைக்க வழி செய்வதும் அவர்களின் கடமைதானே? கூட்டுறவு என்பது இதுதான்.

கூட்டு முயற்சி என்ன செய்யும்?

2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவுக்கே முன்மாதிரியான சட்டம் அது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே 'ஆகாஷ் கங்கா' அறக்கட்டளை சென்னையில் மழை இல்லத்தைத் தொடங்கியிருந்தது. சேகர் ராகவன் போன்றவர்கள் வீடு வீடாகச் சென்று முறையை விளக்கினார்கள். அரசின் ஆணையும் தன்னார்வலர்களின் உழைப்பும் சேர்ந்தபோது நகரமே அசைந்தது. பின்னர் பல வீடுகளில் குழிகள் தூர்ந்தன, வடிகட்டும் மணலையும் ஜல்லியையும் யாரும் மாற்றவில்லை. சட்டம் குழியைத் தோண்ட வைக்கும். அதை ஆண்டுதோறும் தூர்வார வைப்பது மஹல்லாவின் பழக்கம்.

பள்ளிக்கரணையின் கதையும் இப்படித்தான். குடியிருப்போர் சங்கங்களும் சூழலியல் ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்த பிறகு, 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அருகிலுள்ள செம்பாக்கம் ஏரியைச் சீரமைக்க, அரசின் ஒத்துழைப்போடு நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சேர்ந்து உழைத்தன. சிட்லபாக்கத்தில் குடியிருப்போரே ஏரியில் இறங்கித் தூய்மை செய்தார்கள். 2019இல் அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. இவற்றில் ஒன்றைக்கூட எந்த ஓர் அமைப்பும் தனியாகச் சாதிக்கவில்லை. ஒருவரிடம் நிலம் இருந்தது, இன்னொருவரிடம் அறிவு, மற்றொருவரிடம் பணம். ஊர் மக்களிடம் விடாப்பிடி இருந்தது.

நம் ஜமாஅத்திடம் என்ன இருக்கிறது? வாரம் தவறாமல் ஜும்ஆவில் கூடும் மக்கள், மிம்பரில் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு, தர்மம் செய்யும் பழக்கம், வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் இறங்கிய இளைஞர்கள். 2015 வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் பல, சாதி மதம் பாராமல் கதவைத் திறந்தன. பேரிடரில் வந்த அந்த ஒற்றுமையைச் சாதாரண நாளிலும் வைத்திருப்பதுதான் கடினம், தேவையும் அதுதான்.

கழிவுநீரும் நம் பொறுப்பே

குடிநீருக்குத் தர்மம் செய்ய முன்வரும் நாம், கழிவுநீர் என்றால் முகம் சுளிக்கிறோம். நம் வீட்டு அசுத்தத்தை அகற்ற இன்னொரு மனிதரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூடிய தொட்டியில் தங்கும் நச்சுவாயு சில நொடிகளில் மயக்கி உயிரைப் பறிக்கும். காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து இறக்கிறார். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் போன உயிரை எந்தத் தொகையும் திருப்பித் தராது. ஓர் உயிரைக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வது போன்றது என்ற குர்ஆனின் போதனையை (5:32) மேடையில் சொல்லும் நாம், நம் வீட்டுப் பின்பக்கத்திலும் அதை நினைக்க வேண்டும். 'கொஞ்சம் இறங்கிப் பாருப்பா' என்று யாரிடமும் சொல்லாதீர்கள். இயந்திரம் உள்ள உரிமம் பெற்ற வண்டியை மட்டும் அழையுங்கள். 14420 உதவி எண் இதற்காகவே இருக்கிறது.

மஹல்லாவில் தொடங்க ஐந்து வேலைகள்

1. உளூவில் சிக்கனம். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் உளூச் செய்தார்கள். அது ஒரு லிட்டருக்கும் குறைவு. குழாயைத் திறந்தபடி விட்டால் ஐந்து லிட்டர் எளிதில் போகும். ஜும்ஆவுக்கு 500 பேர் வந்தால் 2,500 லிட்டர்! அளவாகத் திறக்கும் குழாய்களைப் பொருத்துவது பெரிய செலவல்ல.

2. உளூ நீரை மறுபடி பயன்படுத்துதல். ஒருமுறை பயன்பட்ட நீரால் மீண்டும் உளூச் செய்ய முடியாது என்றாலும் அது நஜீஸ் அல்ல. சோப்பு கலக்காத அந்த நீரை மணல், ஜல்லி, கல்வாழைப் பாத்தி வழியாக விட்டுச் செடிகளுக்கும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். முறையாகச் சுத்திகரித்த கழிவுநீர் குறித்து சவூதி மூத்த உலமாக்கள் சபை 1978இலேயே அனுமதித் தீர்ப்பு வழங்கியுள்ளது. நம் பள்ளியில் செயல்படுத்துமுன் இமாமிடம் கலந்து பேசுங்கள்.

3. மழைநீர்க் குழிகளைத் தூர்வாருதல். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஆண்டுக்குச் சுமார் 1,300 மி.மீ. மழை பெய்தால், வீணாவது போக ஏறத்தாழ 95,000 லிட்டர் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரி எட்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பர் மாதத்துக்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதை முடிக்க வேண்டும்.

4. அண்டை வீட்டாரோடு ஒரு குழு. குடியிருப்போர் நலச்சங்கம், கோயில், தேவாலய நிர்வாகிகளோடு சேர்ந்து தெருவின் வடிகாலை மழைக்கு முன் பார்வையிடுங்கள். அடைப்பை மாநகராட்சியின் 1913 எண்ணிலும், குடிநீர், கழிவுநீர்ப் புகாரைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணிலும் பதிவு செய்யுங்கள். புகார் எண்ணை ஒருவர் குறித்துவைத்துத் தொடர வேண்டும். ஒரே புகாரைப் பத்து வீடுகள் சேர்ந்து கொடுத்தால் அதற்குத் தனி வலிமை உண்டு.

5. தர்மத்தில் பராமரிப்புக்கும் பங்கு. புதிய போர், புதிய தொட்டி என்று கல்வெட்டுப் பதிப்பதோடு நிற்காமல், பழையதைச் சுத்தம் செய்ய ஆண்டுச் செலவையும் லில்லாஹ் நிதியில் ஒதுக்குங்கள். ஸதகத்துல் ஜாரியா என்றால் ஓடிக்கொண்டிருக்கும் தர்மம். ஓட்டம் நின்றால் பயனும் நிற்கும். ஜகாத்தை இதில் செலவிடலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

குடும்பத்தோடு அமர்ந்து பேச

• நம் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? பிள்ளைகளுக்குத் தெரியுமா?
• நம் வீட்டு மழைநீர்க் குழியைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தோம்?
• நம் தெருவில் தண்ணீருக்கு மிகவும் சிரமப்படும் வீடு எது? அவர்கள் கேட்காமலேயே நாம் என்ன செய்யலாம்?

தண்ணீர் விஷயத்தில் நமக்குக் கிடைத்திருப்பது உரிமை மட்டுமல்ல, அமானிதமும்கூட. அதைக் காப்பதில் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கிவைப்பானாக! பயன் தரும் மழையை நமக்குத் தந்து, அதைத் தாங்கும் பொறுப்பையும் தருவானாக! ஆமீன்.