பிரிப்பதும் கழுவுவதும் ஒரே கணக்கு: இளம் வடிவமைப்பாளருக்கு ஒரு கடிதம்

உணவு இயந்திர வடிவமைப்பில் புதிதாக அடியெடுத்து வைக்கும் இளம் பொறியாளருக்கு,

குவியலாக வந்து விழும் உணவுப்பொருளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும் இயந்திரம் ஆலைக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. ஆயினும் தரம் பார்க்கும் கேமரா, எடை சேர்க்கும் கருவி, உறையவைக்கும் குளிர்க்காற்று ஆகிய மூன்றும் அதை நம்பியே இயங்குகின்றன. தூத்துக்குடியிலும் ஆந்திரக் கடற்கரையிலும் உள்ள ஏற்றுமதி ஆலைகளில் பதப்படுத்தப்படும் இறாலே இதற்குத் தக்க சான்று. கட்டியாக உறைந்த இறாலை வாங்கியவர் பத்து இறால் வேண்டுமென்றாலும் முழுக் கட்டியையும் கரைத்தாக வேண்டும், ‘ஐ.க்யூ.எஃப்.’ எனப்படும் தனித்தனியாக விரைந்து உறையவைக்கும் முறையிலோ வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே வைக்கலாம். அதற்கு இறால்கள் உறைகலனுக்குள் நுழையும் முன்பே பிரிந்திருக்க வேண்டும். ஒட்டியபடி நுழைந்த இரண்டு இறால்கள் ஒரே கட்டியாகத்தான் வெளியே வரும்.

பிரிக்கும் முறையின் அடிப்படை எளியது. கொட்டுகலனிலிருந்து விழும் குவியலை அதிர்வுத் தட்டு ஒற்றை அடுக்காகப் பரப்புகிறது; தட்டில் உள்ள நீளவாக்குப் பள்ளங்கள் அதை வரிசைகளாக்குகின்றன; அடுத்து வரும் பெல்ட் முந்தையதைவிட வேகமாக ஓடி வரிசையில் உள்ளவற்றை விலக்குகிறது. நிமிடத்துக்கு 10 மீட்டர் ஓடும் பெல்ட்டிலிருந்து 20 மீட்டர் ஓடும் பெல்ட்டுக்கு மாறும்போது, ஒரு துண்டின் முனைக்கும் அடுத்த துண்டின் முனைக்கும் இடையே 5 சென்டிமீட்டராக இருந்த தூரம் கணக்குப்படி 10 சென்டிமீட்டராகும். ஈர இறால் வழுக்குவதாலும் நீர்ப்படலம் இரண்டை ஒட்டிவைப்பதாலும் நடைமுறையில் இந்தக் கணக்கு பிசகும். அதைச் சரிசெய்ய வடிவமைப்பாளர் இன்னொரு பள்ளம், இன்னொரு தடுப்பு, இன்னொரு பெல்ட் என்று சேர்த்துக்கொண்டே போவார்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பிரிப்பதற்காகச் சேர்க்கப்படும் ஒவ்வோர் உறுப்பும் எச்சம் தங்குவதற்கு ஓரிடத்தையும் கூடவே கொண்டுவருகிறது. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் போல்ட் முடுக்கிய இணைப்பு வெளிப்பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும், இடுக்கில் ஊறிய இறால் நீர் எந்தத் தூரிகைக்கும் எட்டாது. அங்கே நுண்ணுயிர்கள் தாமே சுரக்கும் பசையால் பரப்பில் ஒட்டிக்கொண்டு அடுக்காக வளர்கின்றன. உயிரிப்படலம் எனப்படும் இந்த அடுக்கைக் கிருமிநாசினி எளிதில் ஊடுருவுவதில்லை. குளிர்பதன வெப்பநிலையிலும் பெருகும் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்னும் பாக்டீரியா ஆலையில் குடியேறுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். 2008ஆம் ஆண்டு கனடாவில் பதப்படுத்திய இறைச்சி வழியே இந்தப் பாக்டீரியா பரவி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, இறைச்சியைத் துண்டுபோடும் இயந்திரங்களின் உள்ளே, வழக்கமான கழுவல் எட்டாத ஆழத்தில் தங்கிய எச்சத்தின் மீதே ஐயம் விழுந்தது.

ஆகவே இளம் வடிவமைப்பாளர் வரைபடத்தைக் கழுவலிலிருந்து தொடங்குவது நலம். உணவு படும் பரப்பின் சராசரிச் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீட்டருக்கு மிகாமை, உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைத்தல், நீர் தேங்காமல் வடியும் சரிவு, உள்ளீடற்ற உருளைகளைத் தவிர்த்தல் அல்லது முனைகளை முழுமையாக வெல்டிங் செய்து அடைத்தல் ஆகியவை 1989 முதல் இயங்கும் ஐரோப்பியச் சுகாதார வடிவமைப்புக் குழுவான இஹெச்இடிஜி போன்ற அமைப்புகள் வலியுறுத்தும் நெறிகள். உப்பும் குளோரினும் ஓயாமல் படும் இறால் ஆலையில் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகில் ஊசிமுனைக் குழிகள் விழக்கூடும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 வகை விலை கூடுதலாயினும் நெடுநாள் தாங்கும்.

அதிர்வுத் தட்டு தனிக் கவனத்துக்கு உரியது. உணவுப் பாதையில் பேரிங்கோ கிரீஸோ இல்லாத ஒற்றைத் தகடாக அமைவதால் அது தூய்மைக்கு ஏற்ற கருவி எனப் பெயர் பெற்றது. ஆனால் பிரிக்கும் அதே அதிர்வு நாளடைவில் வெல்டிங் மூட்டுகளைக் களைப்படையச் செய்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகிறது. எனவே மூட்டுகளை அதிர்வின் விசை குவியாத இடத்தில் வைப்பதும், நிறமூட்டிய திரவத்தை ஊடுருவவிட்டு வெடிப்பைக் கண்டறியும் சோதனையைப் பராமரிப்பு அட்டவணையில் சேர்ப்பதும் வடிவமைப்பாளரின் பொறுப்பே.

கழுவும் தொழிலாளியின் வேலை முறையை அறியாமல் இவற்றைத் தீர்மானிக்க இயலாது. முதலில் துணுக்குகளைக் கையால் அகற்ற வேண்டும். பின் மிதமான சூட்டு நீரால் அலச வேண்டும், ஏனெனில் கொதிநீர் புரதத்தை வேகவைத்து எஃகில் ஒட்டவைத்துவிடும். அதன்பின் கார நுரை, மீண்டும் அலசல், இறுதியில் கிருமிநாசினி. மிகுந்த அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சினால் தரையிலுள்ள அழுக்கு நுண்துளிகளாக எழுந்து, கழுவி முடித்த பெல்ட்டிலேயே படியும். இரவுப் பணியில் கையுறையோடு நிற்கும் ஒருவர், ஸ்பேனர் தேடாமல் பெல்ட்டைத் தளர்த்தி அடிப்புறத்தைப் பார்க்க முடியாவிட்டால், அந்த அடிப்புறம் கழுவப்படாது. அந்தக் குறையை அவர்மேல் சுமத்துவது நியாயமாகாது.

நிமிடத்துக்கு எத்தனை துண்டு என்ற எண்ணைக் கேட்டே வாங்குபவர் விலை பேசுவார். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, இயந்திரத்தை முழுவதும் கழற்றிக் கழுவி மீண்டும் பூட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் எழுதித் தரும் வழக்கத்தை இளம் பொறியாளர்கள் தொடங்கிவைக்க வேண்டும். வரைபடத்தில் கையெழுத்திடும் முன், மாதிரி இயந்திரத்தை ஒரு துப்புரவுத் தொழிலாளியிடம் ஒப்படைத்து அந்த நேரத்தை அளந்து பார்க்க வேண்டும்.