ஜெர்மனியில் மெக்கட்ரானிக்ஸ்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகிழினிக்கு,

மாமா எழுதுவது. மெக்கட்ரானிக்ஸில் எம்.எஸ். படிக்க ஜெர்மனியில் எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கேட்டிருந்தாய். அதைக் கடைசியில் சொல்கிறேன். இங்கே வந்து திணறுகிற பிள்ளைகளில் பலர் கல்லூரியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. மெக்கானிக்கல் கொஞ்சம், எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம், புரோகிராமிங் கொஞ்சம் என்று மூன்றையும் தொட்டுப் பார்க்கிற படிப்பு இது என்று நினைத்து வந்தவர்கள்தான். அந்த நினைப்பு உனக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த நீளமான கடிதம்.

ஒரு கதை சொல்கிறேன். 1997 அக்டோபரில் ஸ்வீடனில் ஒரு கார் பத்திரிகை, மெர்சிடிஸின் புத்தம் புதிய ஏ-கிளாஸ் காரைச் சோதித்தது. சாலையில் திடீரென்று ஒரு பெரிய மான் குறுக்கே வந்தால் ஓட்டுநர் என்ன செய்வார்? சட்டென்று பக்கத்துத் தடத்துக்கு ஒடித்து, உடனே பழைய தடத்துக்குத் திரும்புவார். அதைச் செய்து பார்த்தபோது கார் கவிழ்ந்துவிட்டது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. மெர்சிடிஸ் விற்பனையை நிறுத்திவைத்து, சஸ்பென்ஷனை மாற்றியது. கூடவே, போஷ் நிறுவனம் உருவாக்கி, 1995-ல் மெர்சிடிஸின் விலையுயர்ந்த எஸ்-கிளாஸில் அறிமுகமான, கார் வழுக்காமல் காக்கும் இ.எஸ்.பி. என்ற கருவியை அந்தச் சின்ன கார் எல்லாவற்றிலும் பொருத்தியது. 2014 நவம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் எந்தப் புதுக் காரும் அது இல்லாமல் வர முடியாது.

அது எப்படி வேலை செய்கிறது என்று நிதானமாகப் பார். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ஒரு சென்சார் சொல்கிறது. நான்கு சக்கரங்களின் வேகத்தை நான்கு சென்சார்கள் சொல்கின்றன. கார் தன் செங்குத்து அச்சில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதற்கு வேறு சென்சார்கள். ஓட்டுநர் எந்தப் பக்கம் போக விரும்புகிறார், கார் உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று கணினி நொடிக்கு 25 தடவை ஒப்பிடுகிறது. வளைவில் காரின் மூக்கு வெளிப்பக்கம் இழுத்தால் உட்புறப் பின்சக்கரத்தில் பிரேக் விழும். பின்பாகம் வழுக்கினால் வெளிப்புற முன்சக்கரத்தில் விழும். ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்திருக்கவே வேண்டியதில்லை.

இதில் மெக்கானிக்கல் எங்கே முடிகிறது, எலக்ட்ரானிக்ஸ் எங்கே தொடங்குகிறது, சொல். சென்சார் அளக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கணக்குப் போடக் கொஞ்சம் நேரம். வால்வு திறந்து பிரேக் எண்ணெயில் அழுத்தம் ஏறக் கொஞ்சம் நேரம். தனித்தனியாக எதுவும் பெரிதில்லை. கூட்டினால், கார் வழுக்கிப் போன பிறகு பிரேக் விழும். அது காப்பாற்றுவதற்குப் பதில் கெடுத்துவிடும். வால்வு செய்பவர் வால்வை மட்டும், நிரல் எழுதுபவர் நிரலை மட்டும் பார்த்தால் இந்தச் சிக்கல் தீராது. வால்வையும் நிரலையும் டயரின் உராய்வையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதிக்குள் கொண்டுவந்து பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை உருவாக்குவதற்குத்தான் மெக்கட்ரானிக்ஸ்.

இன்னொன்றையும் கவனி. காரின் சுழற்சியை அளக்கும் சென்சார் முதலில் விலை கூடியதாக இருந்தது. பிறகு அதையே சிலிக்கானில் நுண்ணளவில் செதுக்கும் முறை வந்தது. போஷ் அவற்றை ராய்ட்லிங்கன் ஆலையில் செய்கிறது. விலை இறங்கிய பிறகுதான் சாதாரண கார்களுக்கும் இ.எஸ்.பி. பரவலாக வந்து சேர்ந்தது. உன் கைப்பேசியைச் சாய்த்தால் படம் திரும்புவதும் இந்த இனத்துச் சென்சாரால்தான். உயிர் காக்கும் கருவி எல்லோருக்கும் எட்டியதில் உற்பத்தி முறைக்குப் பாதிப் பங்கு உண்டு. புரொடக்‌ஷன் பாடத்தை இளக்காரமாக நினைக்காதே.

ஆக, இந்தப் படிப்பின் இதயம் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ். அதன் மூச்சு கணிதம். வகைக்கெழுச் சமன்பாடு, லாப்லாஸ் உருமாற்றம், அணிகள், ஐகன் மதிப்பு இவற்றை அரியர் இல்லாமல் தாண்டினால் போதும் என்று நம் ஊரில் விட்டுவிடுகிறோம். இங்கே முதல் வாரமே அவை உனக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பேராசிரியர் பேசுவார். டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ரோல்ஃப் ஈஸர்மன் எழுதிய மெக்கட்ரானிக் அமைப்புகள் பற்றிய நூல் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. உன் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பார். இரண்டு அத்தியாயம் படித்தால் நீ எங்கே நிற்கிறாய் என்று உனக்கே தெரிந்துவிடும்.

படிக்கும் முறையும் வேறு. இன்டர்னல் மார்க், மாடல் எக்ஸாம் என்று தூக்கிவிட யாரும் இல்லை. பல பாடங்களில் செமஸ்டர் முடிவில் ஒரே எழுத்துத் தேர்வு. அந்த மதிப்பெண்தான் பாடத்தின் மதிப்பெண். தேர்வுக்கு நீயே இணையத்தில் பதிய வேண்டும். மறந்தால் எழுத முடியாது. பெரும்பாலான இடங்களில் மூன்று வாய்ப்புகள். மூன்றாவதிலும் தோற்றால் அந்தப் படிப்பை விட்டே விலக நேரும். இங்கே ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆறு கிரெடிட் பாடத்துக்கு 150 மணி நேரமாவது ஆகும். வாரம் நான்கு மணி நேரம் வகுப்பு நடந்தாலும் செமஸ்டருக்கு ஏறக்குறைய 60 மணி நேரம்தான் வருகிறது. மீதி முழுக்க நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. வந்த முதல் குளிர்காலத்தில் பிள்ளைகள் சறுக்குவது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

கைவேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெக்கட்ரானிக்ஸ் இங்கே பட்டப்படிப்பு மட்டுமில்லை. 1998 முதல் மூன்றரை ஆண்டுத் தொழிற்பயிற்சியாகவும் இருக்கிறது. பள்ளி முடித்த பிள்ளைகள் ஆலையில் சம்பளத்தோடு கற்றுக்கொள்கிறார்கள். நாளை ஆய்வகத்தில் உன் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் அப்படி வந்தவராக இருப்பார். அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளத் தயங்காதே. 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி. தொடங்கியபோது அவர்கள் பேராசிரியர்களை மட்டும் அனுப்பவில்லை. பட்டறைக்கும் ஆய்வகங்களுக்கும் வேண்டிய இயந்திரங்களையும் அனுப்பினார்கள். பட்டறை இல்லாத பொறியியலை இந்த நாடு ஏற்பதில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் மெக்கட்ரானிக்ஸ் மாஸ்டர் வேண்டுமானால் ஹாம்புர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஸீகன் பல்கலைக்கழகம் இரண்டின் பாடத்திட்டத்தையும் முதலில் படி. ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால் இப்படிப்பட்ட பல்கலைக்கழகம் நல்லது. ஆலைக்குப் போகத்தான் ஆசை என்றால் ஹோக்‌ஷூலே எனப்படும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களைக் குறைவாக எண்ணாதே. அங்கே பேராசிரியர் ஆவதற்குப் பொதுவாக ஐந்தாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும்; அதில் மூன்றாண்டு கல்வி நிறுவனத்துக்கு வெளியே பெற்றதாக இருக்க வேண்டும். தரவரிசைப் பட்டியலைத் தூக்கிப் போடு. சேர்க்கைக் குழு உன் பாடங்களை எடுத்துக் கணிதத்தில் எத்தனை கிரெடிட், மின்னியலில் எத்தனை, கண்ட்ரோலில் எத்தனை என்று பார்க்கும். மெக்கானிக்கல் மாணவியான உனக்கு மின்னியலில்தான் குறை விழும். அடுத்த செமஸ்டரில் எலெக்டிவ் எடுக்கும்போது அதை நினைவில் வை.

பணம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டர் பங்களிப்பு மட்டும் உண்டு. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலத்திலிருந்து மாஸ்டருக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். 2022 நவம்பர் முதல், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடு. பகுதிநேர வேலை செய்து எல்லாச் செலவையும் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ஜெர்மன் மொழி வேண்டும், கண்ணு. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். வேலை ஜெர்மனில் நடக்கும். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஆனால் கார்த் தொழில் இப்போது இறுக்கத்தில் இருக்கிறது. 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைக்க ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு செய்தது. கார் மட்டும்தான் என்று வராதே. மருத்துவக் கருவி, காற்றாலை, பொட்டலமிடும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் இதே படிப்புதான். பி1 அளவு ஜெர்மனையாவது கோவையிலேயே முடித்துவிடு.

விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையான எஸ்.ஓ.பி.யைத் திருத்தித் தரச் சொன்னாய். அதற்கு முன் ஒரு வேலை செய். என்கோடர் பொருத்திய சின்ன டி.சி. மோட்டார் ஒன்றும் ஒரு மைக்ரோகண்ட்ரோலரும் வாங்கு. மோட்டாருக்குப் பேர்போன கோவையில் இவை கிடைக்காமல் போகாது. தண்டு சொன்ன கோணத்துக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். கையால் தள்ளினாலும் திரும்ப வர வேண்டும். பிறகு அதே மோட்டாரைச் சமன்பாடாக எழுதி, கணினியில் ஓட்டி, கணித்த வளைகோட்டையும் அளந்த வளைகோட்டையும் ஒரே தாளில் வரை. இரண்டும் பொருந்தாது. உராய்வா, கியர்ப் பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியா, மின்னழுத்தம் இறங்குவதா என்று காரணத்தைக் கண்டுபிடி. அந்தத் தாளையும் நீ கண்ட காரணத்தையும் எனக்கு அனுப்பு. எஸ்.ஓ.பி.யில் எழுத வேண்டியது அதில்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் மாமா