வேலைப் பாரத்தில் பிழை வேண்டாம்

தோட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேருவோரிடம் கிராணியார் முதலில் கேட்பது அடையாளக் கார்டு. அதன் காரணத்தை நாம் அறிந்திருத்தல் நலம்.

குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற்ற பின்னரே வேலை செய்யலாம் என்று 1968-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதனால் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்ட மக்கள் பலர் வேலையிழந்தனர். இந்தியாவுக்குக் கப்பலேறியவரும் உண்டு. இன்று குடிமக்களின் மைகார்டு நீலம்; நிரந்தரவாசிகளின் கார்டு சிவப்பு; தற்காலிகவாசிகளின் கார்டு பச்சை.

பாரம் எழுதும்போது மூன்றினைக் கவனிப்போம்.

முதலாவது, பெயர். லயத்தில் வழங்கும் செல்லப் பெயரைக் கூறலாகாது. கார்டில் உள்ள எழுத்துகளையே, தந்தையின் பெயருடன், மாற்றமின்றி எழுதுதல் வேண்டும்.

இரண்டாவது, எண். மொத்தம் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 1998 மார்ச் 8-இல் பிறந்தவரின் எண் 980308 எனத் தொடங்கும். இறுதி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை.

மூன்றாவது, கையெழுத்து. எழுதியதைப் படித்துக் காட்டுமாறு கிராணியாரிடம் கேட்டு, கார்டுடன் ஒப்பிட்ட பின்னரே கையெழுத்திடுவோம். கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை.

ஊழியர் சேமநிதியிலும் சொக்சோவிலும் இவ்வெண்ணைக் கொண்டே நம் பெயரில் பணம் சேருகிறது. ஓர் இலக்கம் பிழையானாலும், பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தைப் பெறுவதில் தடை நேரலாம். விபத்துக் காலத்தில் குடும்பத்துக்குரிய உதவித்தொகையும் தாமதமாகலாம்.

பிறப்புப் பத்திரத்திலும் கார்டிலும் பெயர் வேறுபட்டிருப்பின், தேசியப் பதிவிலாகாவை அணுகி உடனே திருத்திக்கொள்வோம். இன்று செலவிடும் ஒரு நாள், நாளை பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.