கோலும் காலும்

கோல் என்பது தமிழிற் பல பொருள் பயக்கும் ஒரு சொல். அரசன் கையில் அது செங்கோல். வணிகன் கையில் துலாக்கோல். புலவன் கையில் எழுதுகோல். முதியோன் கையில் ஊன்றுகோல். இவற்றுள் ஊன்றுகோலைப் பற்றியே யாம் ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். முதியோன் கையிலுள்ள கோலைப் பற்றியன்று; ஒரு கலையைப் புதிதாகப் பயில்வோன் கையிற் கொடுக்கப்படும் கோலைப் பற்றியே. அதனை அவனுக்கு எப்பொழுது கொடுத்தல் வேண்டும், எதன்பொருட்டுக் கொடுத்தல் வேண்டும் என்பதே எம் வினா. இவ்வினாவை நெடுங்காலமாக ஆராய்ந்து வருவோர் பனிச்சறுக்கு ஆசிரியர்களாவர்.

“திருச்சிராப்பள்ளி வெயிலிற் பிறந்து அவ்வெயிலிலேயே வளர்ந்த நுமக்குப் பனிச்சறுக்கு எற்றுக்கு?” என நண்பர் நகைப்பர். உண்மையே. யாம் கண்ட பனி மார்கழி விடியலிற் காவிரிக்கரைப் புல்நுனியில் நிற்பது ஒன்றே. ஆயினும் இப்பொருளில் எம் மனம் சென்றமைக்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் யாம் நால்வர், திருவரங்கத்தை அடுத்த காவிரி மணலிற் சிலம்பம் பயிலத் தொடங்கினோம். ஆளுக்கொரு மூங்கிற் கம்பு வாங்கி, நெற்றியளவாக நறுக்கி, எண்ணெய் பூசி, முதல் நாட் காலையிற் பெருமிதத்தோடு சென்று நின்றோம். ஆசான் நால்வர் கம்பையும் வாங்கி மணலிற் கிடத்திவிட்டார். “தம்பி, கம்பு எங்கேயும் ஓடிப் போகாது; முதலில் கால் நிற்கட்டும்” என்றார். பதினைந்து நாளும் காலடியே பாடம். முன்வைத்தல், பின்வாங்கல், திரும்பல், தாழ்தல் என இவையே காலை தோறும் நிகழ்ந்தன. எம்முள் ஒருவர், “கம்பில்லாத சிலம்பமும் ஒரு சிலம்பமோ?” என்று மனம் வெறுத்து நான்காம் நாள் நின்றுவிட்டார். பதினாறாம் நாள் கம்பு எம் கைக்கு வந்தது. அப்பொழுது அது சுமையாகத் தோன்றவில்லை; கால் சென்ற வழியே கை சென்றது, கை சென்ற வழியே கம்பு சுழன்றது. பின்னர் நூலகத்திற் பனிச்சறுக்குப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, எம் ஆசான் கூறிய சொல்லே வேற்று நாட்டு உடையில் அங்கு நிற்கக் கண்டு வியந்தோம்.

பனிச்சறுக்கு என்பது, நீண்டு ஒடுங்கி முனை வளைந்த இரண்டு பலகைகளைக் காலணியோடு பிணித்துக்கொண்டு உறைபனிமேல் வழுக்கிச் செல்லும் கலை. கையில் இரண்டு கோல்கள் உண்டு. பனியில் ஆழப் புதையாதிருத்தற்கு ஒவ்வொரு கோலின் அடியிலும் சிறு வளையம் ஒன்று அமைந்திருக்கும். மலைச்சரிவில் இறங்குவோர் கோலின் அளவை அறியும் முறை எளிது. கோலைத் தலைகீழாக நிறுத்தி வளையத்தை ஒட்டிப் பிடித்தால், முழங்கை செங்கோணமாக மடங்குதல் வேண்டும்.

முற்காலத்தில் இருகோல் வழக்கம் எங்கும் பரவியிருக்கவில்லை. ஒரே நீண்ட கோலைக் கையாண்டோர் பலர். வேகம் மிகுந்தால் அதன்மேற் சாய்ந்தும், அதனைப் பனியில் அழுத்தியும் தம்மைத் தடுத்துக்கொள்வர். நார்வே நாட்டுத் தெலிமார்க்குப் பகுதியினரான சோந்திரே நூர்ஹைம் என்பார், குதிகாலைச் சுற்றிக் கட்டும் உறுதியான பிணைப்பைக் கையாண்டு, 1868-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தலைநகரில் நிகழ்ந்த பந்தயத்தில் வென்றார். கால் பலகையோடு ஒன்றியதனாற் கோலின்மேற் சாயாமலே திரும்புதல் கைகூடிற்று. ஆஸ்திரியாவில் மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி என்பார் 1896-இல் வெளியிட்ட நூலில் ஆல்ப்ஸ் மலையின் செங்குத்தான சரிவுகளுக்கேற்ற முறையை வகுத்தார். அவர் கொண்டது ஒற்றைக் கோலே. அவர்தம் மாணவர் அதன்மேற் சாய்கின்றனர் எனப் பழித்தோரும் இருந்தனர். அந்நாட்டுப் படைத்தலைவர் கேயோர்க் பில்கேரி இருகோல் முறையை ஆதரித்து, 1910-இல் நூல் இயற்றினார். இருகோல் முறையே பின்னர் நிலைபெற்றது.

இனி, புதிதாகப் பயில்வோன் நிலையை நோக்குவோம். சரிவின் தலையில் நிற்கும்போது அவன் நம்பியிருப்பது கையிலுள்ள கோல்களையே. வழுக்கத் தொடங்கியவுடன் அஞ்சிப் பின்னே சாய்வான். கோலை ஊன்றி நிற்க முயல்வான். ஆனால் ஓடும் உடலைக் கோல் நிறுத்தாது. பின்னே சாய்ந்தமையாற் பலகையின் முன்பகுதி அவன் ஆணைக்கு அடங்காது, விழுவான். ஆதலின் ஆசிரியர் பலர், சிறப்பாகச் சிறுவர்க்குக் கற்பிப்போர், முதற்பாடங்களிற் கோலை வாங்கி வைத்துவிடுகின்றனர்.

இதன் பயன் மூன்று. ஒன்று, எடையைப் பலகையின் நடுவில் நிறுத்துவது காலின் வேலை என்பதை மாணவன் உணர்கின்றான். இரண்டு, கவனம் சிதறுவதில்லை. பலகைகளின் முனைகளை அணுக வைத்துப் பின்பகுதிகளை அகற்றி, ஆப்பு வடிவாக்கி வேகத்தைத் தணிப்பதே முதற்பாடம். அதனைச் செய்யக் கால்கள் இரண்டும் மனம் ஒன்றும் போதும். மூன்று, ஊறு குறைகின்றது. கோலைப் பற்றியவாறே கை ஊன்றி விழுவோர்க்குப் பெருவிரலின் அடிமூட்டிலுள்ள தசைநார் அறுதல் உண்டு. மருத்துவர் அதற்குப் பனிச்சறுக்குவோர் பெருவிரல் என்றே பெயரிட்டுள்ளனர். தாங்கும் என்று நம்பிய கோலே விரலை முறிக்கும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அங்ஙனமாயிற் கோல் வேண்டாத பொருளோ எனின், அன்று. சமநிலத்தில் உந்திச் செல்லவும் மேட்டில் ஏறவும் கோல் இன்றியமையாதது. அதுபற்றியே தொடக்கத்திலேயே அதனைக் கொடுக்கும் ஆசிரியரும் உளர். கால் தேறிய பின்னர்ச் சரிவில் இறங்குவோனுக்குக் கோல் வேறொரு தொண்டு புரிகின்றது. வலப்புறம் திரும்புமுன் வலக்கைக் கோலின் நுனி பனியை மெல்லத் தீண்டும். இடப்புறம் திரும்புமுன் இடக்கைக் கோல் தீண்டும். அத்தீண்டல் உடலைத் தாங்குவதற்கன்று. திரும்பும் காலத்தைக் குறிப்பதற்கு. இசைவாணர் தொடையிற் போடும் தாளம் பாட்டைச் சுமப்பதில்லை; ஆயினும் தாளமின்றேற் பாட்டு நெறிப்படாது. கோலும் அத்தகையதே.

இக்கலை நம் நாட்டிற்கும் புதியதன்று. காசுமீரத்துக் குல்மார்க்கில் 1927-ஆம் ஆண்டிலேயே இந்தியப் பனிச்சறுக்குக் கழகம் தோன்றிற்று. 1968-இல் அங்கு அரசினர் பயிற்சி நிலையமும் அமைந்தது. 1964-ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்தில் ஜெரமி புயகோவ்ஸ்கி இந்தியாவின் சார்பிற் பனிச்சறுக்கிற் கலந்துகொண்டார். குல்மார்க்குச் சரிவுகளிற் பயின்ற ஆரிப் முகம்மது கான் 2022-இற் பெய்ஜிங் நகரில் மாபெரும் வளைவோட்டத்தில் 45-ஆம் இடம் பெற்றார்.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தே திருக்குறள் நினைவிற்கு வருதல் இயல்பு. கேள்வி என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், ஒழுக்கமுடையார் வாய்ச்சொல்லை வழுக்கு நிலத்து ஊற்றுக்கோலுக்கு உவமை கூட்டினார். பரிமேலழகர் அதனைச் சேற்று நிலமாக விரித்தார். பனியைக் காணாத நாட்டில் அதுவே தக்க பொருள். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. சேற்றில் நடப்பவன் தன் காலாலேயே நடக்கின்றான். கோல் அவனுக்காக நடப்பதில்லை. அவ்வாறே சான்றோர் சொல்லும் நமக்காக வாழ்வதில்லை. வழுக்குமிடத்து உதவுவதே அதன் தொழில். இவ்வுவமை மெய்ந்நிகழ்ச்சியாகவே விளங்கும் இடமும் ஒன்று உண்டு. கண்பார்வையற்ற பனிச்சறுக்கு வீரர்க்கு, முன்னே செல்லும் வழிகாட்டி ஒருவர் குரல் கொடுத்துத் திருப்பங்களை உணர்த்துகின்றார். அங்கு வாய்ச்சொல்லே கோல். எனினும் சறுக்குவது அவ்வீரர்தம் காலே.

எம் குறை ஒன்றையும் மறையாது கூறுதல் தகும். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த முதலாண்டில் யாம் மூலத்தைத் தொடாமல், விற்பனைக்கு வரும் குறிப்புரைகளையே மனனம் செய்து வந்தோம். தேர்வில் எண்களும் குறையாமலே வந்தன. ஒருநாள் ஆசிரியர், யாம் முன்பு கண்டிராத பழம்பாட்டு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, பொருள் கூறுக என்றார். எழுவாய் எது, பயனிலை எது என்றும் அறியாது தலைகுனிந்து நின்றோம். கோலை எடுத்தவுடன் விழுந்தோம். அன்றுவரை நின்றது எம் கால் அன்று என்பது அன்றே தெரிந்தது. அதன்பின், நாடோறும் ஒரு பாட்டையேனும் உரையை மூடிவைத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதன்பின் உரையைத் திறக்கும் வழக்கத்தை மேற்கொண்டோம். இப்பொழுது உரையாசிரியர்மேல் எமக்கு மதிப்பு முன்னினும் பன்மடங்காயிற்று. இடறிய இடத்தை அறிந்தவனுக்கே கோலின் அருமை தெரியும்.

இக்கோடையில், முன்பு நின்றுவிட்ட நண்பரும் காவிரி மணலுக்கு மீண்டும் வந்தார். ஆசான் யாதும் வினவவில்லை. அவர் கம்பை வாங்கி மணலிற் கிடத்தினார். நண்பரும் யாதும் கூறாது காலடி வைக்கத் தொடங்கினார்.

நம்முட் பலர் நாளை ஆசிரியராகச் செல்லவிருக்கின்றோம். மாணவன் கையிற் கோலைக் கொடுப்பது அன்பு. உரிய காலம் வருந்துணையும் அதனைக் கொடாதிருப்பதும் அன்பே. இவ்விரண்டின் காலத்தையும் அறிந்து கற்பிப்போமாக. அதற்குமுன், நம் கையிலுள்ள கோலைச் சிறிது பொழுது கீழே வைத்து, நம் கால் நிற்கின்றதா என்று நோக்குவோமாக.