லினக்ஸில் நோட்டேஷன்: வைன் யாருக்கு, மியூஸ்ஸ்கோர் யாருக்கு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆதரவு நின்றது. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பக்கம் கீபோர்டு கிளாஸ் போகும் பிள்ளைகளின் பழைய லேப்டாப்புகளில் இப்போது லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ ஏறியிருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் "நோட்டேஷன் எழுத ஸ்டூடியோவில் எல்லாரும் சிபேலியஸ்தான் வைத்திருக்கிறார்களாம், நீயும் அதையே போடு" என்று அப்பா சொல்கிறார். பையன் அதை, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனில் ஏற்ற உட்கார்ந்து, டிரினிட்டி கிரேடு பரீட்சைக்கு முந்தைய மாதத்தைத் தொலைக்கிறான்.

அதே வேலைக்கான மியூஸ்ஸ்கோர் லினக்ஸிலேயே ஓடும், இலவசம். அதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. 4 ஜிபி ராம் உள்ளவர்கள் மியூஸ் சவுண்ட்ஸ் என்ற பெரிய ஒலித் தொகுப்பின் பக்கம் போகாமல், கூடவே வரும் எம்எஸ் பேசிக் ஒலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விண்டோஸ் மென்பொருள்தான் வேண்டும் என்றால், முறையான விண்டோஸ் உரிமமும் 8 ஜிபி ராமும் இருந்தால், லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் ஆகும். சத்தம் சற்றுப் பிந்தி வரும்.

சிபேலியஸ், டோரிகோ போன்ற பெரிய மென்பொருளை வைனில் ஏற்றும் வழியைத்தான் வேண்டவே வேண்டாம் என்பேன். உரிமச் சரிபார்ப்பு ஒரு பக்கம், ஜிபி கணக்கில் ஒலித் தொகுப்பு இன்னொரு பக்கம். எதில் வேண்டுமானாலும் இடறும். இன்று ஓடியது அடுத்த அப்டேட்டில் படுத்துவிடும். உடனே யாராவது பென்டிரைவில் கிராக் கொண்டு வருவார்கள், அதைத் தொடாதீர்கள். பெரிய பெயர் என்பதும் நிரந்தரமில்லை. 1988-இல் வந்த ஃபினாலே என்ற நோட்டேஷன் மென்பொருளை 2024 ஆகஸ்டில் நிறுத்துவதாக அதன் நிறுவனமே அறிவித்தது. சிபேலியஸின் லண்டன் குழு 2012-இல் கலைக்கப்பட்டது. அங்கிருந்து போனவர்கள்தான் டோரிகோவை எழுதினார்கள். அதனால் எதில் எழுதினாலும், வேறு மென்பொருளிலும் திறக்கும் மியூசிக்எக்ஸ்எம்எல்லில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வைனுக்கு உருப்படியான வேலை ஒன்று உண்டு: நோட்வொர்தி கம்போசர் என்ற சிறிய விண்டோஸ் நோட்டேஷன் மென்பொருள். சர்ச் கொயர்க்காரன் நான். நாலு குரல் பாட்டுகளை அதில் தட்டிப் பழகியவன், அதனால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும். வைனில் சுலபமாகத் திறக்கும். பிளே அழுத்தினால் கோடு நகரும், சத்தம் வராது. அது மிடியில் வாசிக்கும்; மிடி என்பது கல்யாணச் சமையல்காரரிடம் கொடுக்கும் மெனுச் சீட்டு மாதிரி. விண்டோஸில் சமையல்காரர் உள்ளேயே இருக்கிறார்; லினக்ஸில் நாம்தான் கூட்டி வரவேண்டும். அந்தச் சமையல்காரரான ஃப்ளூயிட்சிந்த்தையும், அதற்கு ஒலி தரும், சுமார் 140 எம்பி வரும் ஃப்ளூயிட்ஆர்3 சவுண்ட்ஃபான்ட்டையும் நிறுவுங்கள். முதலில் ஃப்ளூயிட்சிந்த்தை ஓடவிட்டு, பிறகு நோட்வொர்தியைத் திறங்கள். வரிசை மாறினால் நோட்வொர்தியின் கண்ணில் ஃப்ளூயிட்சிந்த் படாது. ஆப்ஷன்ஸில் மிடி பகுதிக்குப் போய் ஃப்ளூயிட்சிந்த்தைத் தேர்ந்தெடுத்தால் பியானோ கேட்கும். அரசு லேப்டாப்பில் வந்த பாஸ் லினக்ஸிலும் இதே முறைதான்; சென்னை சி-டாக் உருவாக்கிய அதுவும் டெபியன் வழி வந்ததே.

மென்பொருளை விடுங்கள்; எதிர்வீட்டுப் பெண் கிரேடு 5 முடித்தாள் என்று பிள்ளையைக் கீபோர்டு கிளாஸில் சேர்ப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சிலருக்குக் காது முதலில் வரும், சிலருக்குக் கண். லேப்டாப் வாசித்துக் காட்டினால் இரண்டுமே சோம்பிப்போகும். இளையராஜா தாளில்தான் எழுதுகிறார். கிரேடு 3 வரை மேனுஸ்கிரிப்ட் நோட்டும் பென்சிலும் போதும். பிறகு ஆல்டோ வரியை எழுதி, வாய்விட்டுப் பாடிவிட்டு, மியூஸ்ஸ்கோரில் ஏற்றட்டும். பழைய நோட்வொர்தி கோப்புகள் இல்லாத வீட்டில் வைனை நிறுவவே வேண்டாம்.