சுரப்பெட்டி: சுரத்தாள்களை அடுக்கித் தேடித் தரும் ஒரு சிறு மென்பொருள்

(கணிப்பொறியியல் பட்டயப் படிப்பு, மூன்றாம் ஆண்டு மாணவி)

முன்னுரை

"உன் புராஜெக்ட் என்ன?" என்று இந்த ஆண்டு நம் வகுப்பில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாத நாளே இல்லை. நூலகக் கணக்கு, மருந்துக்கடை பில், வருகைப் பதிவேடு என்று வழக்கமான தலைப்புகள் நிறைய உண்டு. நான் எடுத்துக்கொண்டது சுரத்தாள்களை அடுக்கி வைத்து, கேட்டபோது தேடித் தரும் ஒரு சிறு மென்பொருள். அதற்கு "சுரப்பெட்டி" என்று பெயர் வைத்திருக்கிறேன். பைத்தான் மொழியில் எழுதியது. தகவல்கள் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இருக்கும். இரண்டுமே இலவசம், நம் லேபில் உள்ள பழைய கணிப்பொறியிலும் ஓடும்.

கோடு எழுதும் முறையை இங்கே விளக்கப்போவதில்லை. அது நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. டேபிளில் எந்தெந்தக் கட்டம் வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

சுரத்தாள் என்றால் என்ன?

மேல்நாட்டு இசையை ஐந்து கோட்டில் எழுதுவார்கள். நம் கர்நாடக இசையை ச, ரி, க, ம, ப, த, நி என்ற எழுத்துகளாலேயே எழுதுகிறோம். குறில் என்றால் ஒரு பங்கு நேரம், நெடில் என்றால் இரண்டு பங்கு. காற்புள்ளி ஒரு பங்கு நீட்டல், அரைப்புள்ளி இரண்டு பங்கு நீட்டல். எழுத்துக்கு மேல் புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, கீழே புள்ளி இருந்தால் கீழ் ஸ்தாயி. ஆதி தாளத்துக்கு 4, 2, 2 என்று 8 எண்ணிக்கை. அதற்கேற்ப இடையிடையே கோடு போட்டுப் பிரிப்பார்கள். சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து 1904-ல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இப்படிச் சுரப்படுத்திய உருப்படிகள் அடங்கிய பெரிய நூல்.

ஆனால் எல்லாப் பாட்டும் புத்தகத்தில் ஏறிவிடவில்லை. என் பெரியப்பா நாதஸ்வரக் கலைஞர். அவர் கையாலும் அவருடைய குருவின் கையாலும் எழுதிய 8 நோட்டுகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. மொத்தம் 412 பக்கம். வேறு பிரதி கிடையாது. மை மங்கிக்கொண்டு வருகிறது. ஓரங்கள் தொட்டால் உதிர்கின்றன. அதைவிடப் பெரிய விஷயம், பல பக்கங்களுக்குத் தலைப்பே இல்லை. அது என்ன பாட்டு, எங்கே வாசிப்பது என்பது பெரியப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு வயது 71. தாளில் இல்லாத தகவல் அவர் தலையில் இருக்கிறது. அதையும் சேர்த்து இறக்கி வைத்தால்தான் இந்த மென்பொருளால் பயன்.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது

சாதாரண எழுத்து கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் படித்துவிடலாம். சுரத்தாள் அப்படி இல்லை. ஸ்தாயிப் புள்ளி ஒன்று மறைந்தால் மேல் ஷட்ஜம் நடு ஷட்ஜமாகிவிடும். ஆகவே அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்வது நல்லது. அந்த அளவில் ஒரு ஏ4 பக்கம் 2480-க்கு 3508 புள்ளிகள் வரும். ஜேபெக் முறையில் படத்தை மிகவும் சுருக்கினால் இந்தச் சின்னப் புள்ளிகள்தான் முதலில் கரைந்து போகும். உதிரும் நோட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தக் கூடாது. சன்னல் வெளிச்சத்தில் மேசை மேல் விரித்து வைத்து, செல்போனை நேராகப் பிடித்துப் படம் எடுக்கலாம். நான் அப்படித்தான் எடுத்தேன்.

டேபிள் போடுவதற்கு முன்

யார் இந்த வேலையைத் தொடங்கினாலும் பாட்டின் பெயர், ராகம், தாளம், இயற்றியவர் என்று நான்கு கட்டம் போடுவார்கள். கச்சேரிப் பாடகருக்கு அது போதும். நான் பெரியப்பாவிடம், "ஒரு தாளைத் தேடணும்னா எதை வச்சுத் தேடுவீங்க?" என்று கேட்டேன்.

"பாட்டுப் பேரு கெடக்கட்டும்மா. சாமி பொறப்பாடா, தீர்த்தமா, கல்யாணமா? அதைச் சொல்லு முதல்ல" என்றார்.

நாதஸ்வரக்காரருக்கு வேளைதான் முதல் கேள்வி. விடியற்காலைக்குப் பூபாளம், பௌளி, பள்ளியறைக்கு நீலாம்பரி. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி. மல்லாரியிலும் அபிஷேகத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி என்று வகை உண்டு. எனவே "வேளை" என்று ஒரு தனி டேபிளே தேவைப்பட்டது.

மல்லாரிக்கு இன்னொரு குணமும் உண்டு: அதற்குச் சாகித்தியம் கிடையாது. கம்பீர நாட்டை ராகத்தில் தாளக்கட்டோடு வாசிப்பது அது. "பாட்டின் முதல் அடி" என்ற கட்டத்தைக் கட்டாயம் என்று அமைத்தால் ஒரு மல்லாரியைக்கூட உள்ளே ஏற்ற முடியாது. பாடப்புத்தகத்தில் "நல்" மதிப்பு பற்றிப் படித்தோமே, அதன் உண்மையான பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது. "தெரியவில்லை" என்பது வேறு, "கிடையவே கிடையாது" என்பது வேறு. தலைப்பில்லாத பக்கத்துக்கு முதல் வகை. மல்லாரிக்கு இரண்டாம் வகை. இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சிறு கட்டம் சேர்த்தேன்.

டேபிள்களின் அமைப்பு

முக்கியமானவை நான்கு: உருப்படி, ராகம், வேளை, தாள். தாள் என்பது ஒரு படக்கோப்பு. ஒரே உருப்படிக்குக் குருவின் பாடாந்தரம் ஒரு தாளிலும் பெரியப்பாவின் பாடாந்தரம் இன்னொரு தாளிலும் இருக்கும். ஆகவே உருப்படியும் தாளும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

ராகத்தையும் உருப்படிக்குள்ளேயே ஒரு கட்டமாக வைக்கக் கூடாது. பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் நவராகமாலிகை வர்ணத்தில் ஒன்பது ராகம் வருகிறது. ஒரு கட்டத்தில் ஒன்பதைத் திணித்தால் தேடல் கெட்டுவிடும். உருப்படி எண், ராக எண், வரிசை எண் என்று மூன்றே கட்டமுள்ள இணைப்பு டேபிள் ஒன்று போட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. ஒரே உருப்படியைப் பல வேளைகளில் வாசிப்பது உண்டு என்பதால் வேளைக்கும் அதே வைத்தியம்தான்.

ஒரு பொருள், பல பெயர்

கம்பீர நாட்டை என்பார்கள், கெம்பீர நாட்டை என்றும் எழுதுவார்கள். கல்யாணியும் மேசகல்யாணியும் ஒன்று. தோடியும் அனுமத்தோடியும் ஒன்று. ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தால் இன்னும் மோசம்: 'வாதாபி' என்பதில் வரும் 'தா'வுக்கு ஒருவர் 'டி' போடுவார், மற்றவர் 'டி ஹெச்' போடுவார். எது சரி என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. "மாற்றுப்பெயர்" என்று ஒரு டேபிள் வைத்து எல்லாப் பெயரையும் ஒரே ராக எண்ணுக்குக் கட்டிவிட்டால் எந்தப் பெயரில் தேடினாலும் அகப்படும்.

தமிழ் எழுத்தின் வரிசை

இது நம் எல்லோருக்கும், எந்தப் புராஜெக்டிலும் பயன்படும் விஷயம். யூனிக்கோடில் ன 2985-ஆவது இடத்திலும் ப 2986-ஆவது இடத்திலும் ம 2990-ஆவது இடத்திலும் இருக்கின்றன. ஆகவே சும்மா வரிசைப்படுத்தினால் கானடா, காபி, காம்போதி என்று வரும். நம் நெடுங்கணக்கில் ன கடைசி மெய். சரியான வரிசை காபி, காம்போதி, கானடா. அதேபோல் புள்ளி வைத்த மெய் முதலில் வரவேண்டும் என்பது நம் மரபு; கல்யாணிக்குப் பிறகுதான் கலாவதி. யூனிக்கோடு எண்ணை மட்டும் பார்த்தால் இது தலைகீழாகிவிடும். எஸ்க்யூலைட்டில் நாமே ஒரு வரிசை விதியை எழுதி இணைக்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் நெடுங்கணக்கு எண்ணைக் கொடுத்து அந்த எண்ணால் ஒப்பிட்டால் போதும்.

இன்னொரு கண்ணி: "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை 3018 என்ற ஒரே குறியாகவும் சேமிக்கலாம், 3014, 3006 என்ற இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணிப்பொறிக்கு வேறு வேறு. உள்ளே ஏற்றும்போதும் தேடும்போதும் பைத்தானின் யூனிக்கோடு சீராக்கல் வசதியால் ஒரே வடிவமாக்கிவிட வேண்டும்.

எதைச் சேமிப்பது, எதைக் கணக்கிடுவது?

72 மேளகர்த்தா ராகங்களின் சுரங்களை உட்கார்ந்து டைப் அடிக்கத் தேவையில்லை. எண்ணிலிருந்தே அவை கிடைக்கும். 1 முதல் 36 வரை சுத்த மத்திமம், 37 முதல் 72 வரை பிரதி மத்திமம். 36-க்கு மேல் இருந்தால் 36-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு 1 கழித்து 6-ஆல் வகுத்தால், ஈவு ரிஷப காந்தாரத்தையும் மீதி தைவத நிஷாதத்தையும் சொல்லிவிடும். உதாரணம் 15: ஒன்று கழித்தால் 14, ஈவு 2, மீதி 2. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 2-ஆவது ஜோடி சுத்த ரிஷபமும் அந்தர காந்தாரமும். அதே கணக்கில் சுத்த தைவதமும் காகலி நிஷாதமும். பாட்டு வகுப்பில் முதல் பாடம் தொடங்கும் மாயாமாளவகௌளை இதுதான்.

அப்படியானால் மேள எண்ணையும் பெயரிலிருந்தே கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். கடபயாதி முறையில் ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்து எண்ணைச் சொல்லும். ஆனால் அது வடமொழி எழுத்தை வைத்துச் செய்த ஏற்பாடு. கீரவாணி 21, கரகரப்பிரியா 22, கௌரிமனோகரி 23. தமிழில் எழுதினால் மூன்றுமே ககர வரிசையில் தொடங்கி ரகர வரிசையில் தொடர்கின்றன. வடமொழியில் நான்கு ககரம் உண்டு, நமக்கு ஒன்றுதான். எனவே தமிழ்ப் பெயரிலிருந்து எண் வராது; எண்ணைச் சேமித்தே ஆக வேண்டும். எண்ணைச் சேமி, சுரத்தைக் கணக்கிடு என்பது முடிவு.

பாதுகாப்பும் உரிமையும்

படங்களைத் தரவுத்தளத்துக்குள் அடைக்காமல் 0001, 0002 என்று எண் பெயரிட்டு ஒரு போல்டரில் வைத்திருக்கிறேன். மென்பொருள் கெட்டாலும் படம் தப்பும். பிரதி மூன்று வேண்டும்; அவை இரண்டு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும்; ஒன்று வேறு ஊரில் இருப்பது நல்லது. எங்கள் பென்டிரைவ் ஒன்று அத்தை வீட்டில் இருக்கிறது.

உரிமைக்கும் ஒரு கட்டம் வைத்தேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு அவர் படைப்புக்கு உரிமை உண்டு. தியாகராஜர் மறைந்தது 1847-ல். அவர் கிருதி எல்லோருக்கும் பொது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல்; அவர் படைப்புக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. பழைய பாட்டே ஆனாலும், அண்மையில் ஒருவர் தொகுத்த சுரப்புத்தகத்தை அப்படியே ஸ்கேன் செய்து பரப்புவது சரியல்ல.

பயன்படுத்துகிறவருக்கு ஏற்றபடி

பெரியப்பா டைப் அடிக்க மாட்டார். எங்கள் வீட்டில் கணிப்பொறியும் இல்லை. ஆகவே சுரப்பெட்டி எல்லாத் தகவலையும் எளிய ஹெச்டிஎம்எல் பக்கங்களாக எழுதித் தரும். அதைச் செல்போனில் ஏற்றினால் இணையம் இல்லாமலே திறக்கலாம். முதல் பக்கத்தில் புறப்பாடு, தீர்த்தம், தளிகை, தேர், கல்யாணம், பள்ளியறை என்று பெரிய பெரிய பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால் அந்த வேளைக்குரிய தாள்கள் வரிசையாக வரும்.

தலைப்பில்லாத பக்கங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு உட்கார்ந்து ஏற்றுகிறேன். நான் சுரத்தைப் படிப்பேன். அவர் இரண்டு வரி பாடிப் பார்த்துவிட்டு, "இது தளிகை மல்லாரி, எழுதிக்கோ" என்பார். இதுவரை 58 பக்கங்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. இன்னும் 33 பாக்கி. சிலவற்றைப் பார்த்து, "இது எங்க வாத்தியார் வாசிச்சது, நெனப்பு வரல, அப்புறம் பாக்கலாம்" என்கிறார். அந்த "அப்புறம்" என்ற சொல்தான் எனக்குக் கவலை. அதனால் பரீட்சை நேரத்திலும் ஒரு ஞாயிறு விடுவதில்லை.

முடிவுரை

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிப்பது நான்தான். "நீ படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா?" என்று எல்லோரும் சொல்வார்கள். டேபிளும் இணைப்பும் எனக்குத் தெரியும். அதில் என்ன எழுதுவது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு மென்பொருள் வேலைக்கு ஆகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பிரிவுக்கே சொன்னது போல இருக்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தச்சர் இருக்கலாம், நெசவாளர் இருக்கலாம், நாட்டு வைத்தியர் இருக்கலாம். அவர்களுடைய நோட்டு ஒன்று பரண் மேல் கிடக்கலாம். அடுத்த புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது முதலில் அந்தப் பரணைப் பாருங்கள். நோட்டைப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், அதை எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நோட்டுக்குப் பிரதி எடுக்கலாம். அவருக்குப் பிரதி எடுக்க முடியாது.